உலையில் விழுந்த ஒன்பது கூடை

காற்று கெடாமல் இருக்க அரசாங்கம் பணம் தரப்போகிறது என்று முதலாளி சொன்ன நாளில், பவுண்டரியில் நாங்கள் பதினான்கு பேரும் சிரித்த சிரிப்பு தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. அவர் கையில் ஒரு காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் சிரிக்கச் சிரிக்க அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சிரிச்சு முடிச்சாச்சா? இப்பக் கேளுங்கப்பா" என்றார்.

பிள்ளைகளே, இந்தக் கூடைக் கதையை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து நின்று கையை ஆட்டத் தொடங்கிவிடுகிறேன். எதை முன்னால் சொன்னேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்தே திருத்துவாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுமலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம், அது அப்படியேதான் நடந்தது.

திருநகரைத் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் போனால், ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் எங்கள் ஷெட் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் பம்புக்கு இரும்பு உடம்பு வார்ப்பதுதான் வேலை. கொட்டாம்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வயலில் பம்பு ஓடுவதைப் பார்த்தால், அது நம்முடையதாக இருக்குமோ என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

உலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடி உயரத்துக்கு நிமிர்த்தி வைத்த ஒரு பெரிய குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நெருப்புச் செங்கல் பூச்சு. முதலில் அடியில் நிறையக் கரி போட்டுப் பற்றவைக்க வேண்டும். கரி என்றால் அடுப்புக்கரி இல்லை, கோக் கரி. கல் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை மெத்தை என்போம். மெத்தை நன்றாகப் பற்றிச் சிவந்த பிறகு, மேலே உள்ள வாசல் வழியாக ஒரு அடுக்கு இரும்பு, ஒரு அடுக்கு கரி, மறுபடி இரும்பு என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே மோட்டார் வைத்துக் காற்று ஊதுவார்கள். இரும்பு உருகிக் கரிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தேங்கும். அடியில் ஒரு துளை, அதைக் களிமண் வைத்து அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்தால் இரும்பு ஆறாக வரும்.

அந்த உலை வாசலை ஒட்டி நின்று வேலை செய்ய ஒரு மேல்தட்டு உண்டு; அங்கே கரியும் இரும்பும் போடுகிறவர்களுக்கு நான் மேஸ்திரி. அடியில் துளை திறப்பவர் அவனியாபுரத்து அண்ணன் ஒருவர். தேர்ந்த கை, அதைவிடத் தேர்ந்த வாய். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். உலைக்கு மேலே நானும் கீழே அவருமாக எட்டு வருஷம் கத்திக் கத்தியே பேசிப் பழகினோம். அதனால்தான் எனக்கு வீட்டிலும் மெதுவாகப் பேச வராது.

முதலாளி மதுரைக்காரர். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவார்கள். அவருக்குப் பதற்றம் வந்தால் வாய்க்குள் அந்த மொழியில் ஏதோ முணுமுணுப்பார். எங்களுக்கு அர்த்தம் தெரியாது. முணுமுணுப்பு வேகமாக இருந்தால் நிலைமை சரியில்லை என்று மட்டும் தெரியும்.

காகிதத்தில் இருந்த விஷயம் இதுதான். எங்கள் உலை பழைய மாதிரி. கரியும் நிறையத் தின்னும், புகையும் நிறையக் கக்கும். அந்த உலையை இனிமேல் ஓட்டக்கூடாது என்று சர்க்கார் ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தது. புதுமாதிரி உலை ஒன்று வந்திருக்கிறது. காற்றை ஒரு வரிசைத் துளையில் ஊதாமல், மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் பிரித்து ஊதுவது. அதைக் கட்டினால், பழைய உலை நான்கு கூடை கரி தின்ற இடத்தில் இது மூன்று கூடையில் வேலையை முடிக்கும். முடிக்கிறது என்று சோதனையில் நிரூபித்தால் உலை கட்டிய செலவில் பாதியை அரசாங்கம் கொடுக்கும்.

"நிரூபிக்கலன்னா?" என்று அவனியாபுரத்து அண்ணன் கேட்டார்.

முதலாளி கூரையைப் பார்த்தார். "நிரூபிக்கலன்னா எனக்குத் தாங்காதுப்பா. ஷெட்ட யாருக்காவது கோடவுனுக்கு விட்டுட்டு வீட்ல உக்காந்துருவேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியவனே, நீ அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். சின்னவளே, நீ அம்மா வயிற்றில் இருந்தாய். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்.

புது உலை எழும்பியது. கோடைக்கு முன்னால் பூச்சு வேலை முடிந்து, உலை வெள்ளைத் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை மாதிரி நின்றது. சோதனை செய்ய ஒரு இன்ஜினியர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் நாங்கள் பின்னால் வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்தோம். யாரும் இறங்கவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும் ஒரு பெண். ஆரஞ்சு நிற ஹெல்மெட், கையில் ஒரு அட்டை, காலில் கனமான பூட்ஸ். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

வந்தவர் முதலில் எங்களை வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். "எதுக்காக இந்தச் சோதனைன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"புகை வராம இருக்க, மேடம்" என்றேன் நான்.

"புகை பாதிதாங்க. கரி எரிஞ்சா அதுல இருக்கற கார்பன் காத்தோட சேந்து ஒரு வாயுவாப் போகுது. அது கண்ணுக்குத் தெரியாது, நாத்தமும் அடிக்காது. அது சேரச் சேர உலகமே சூடாகுது."

அவனியாபுரத்து அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "உலகம் சூடாகுதாம் மாப்ள. மதுரைக்காரனுக்கு இது ஒரு சேதியா?"

அது மேடத்தின் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "அண்ணா, ஒரு கூடை கரி மிச்சமானா உங்க முதலாளிக்கு லாபம். அந்தக் கூடை எரியாம இருந்தா உங்களுக்கு, எனக்கு, எங்கியோ கடலோரத்துல இருக்கறவங்களுக்கு எல்லாம் லாபம். எல்லாருக்கும் லாபம்ங்கறதாலதான் எல்லாரோட பணத்துல இருந்தும் எடுத்துக் கொடுக்கறாங்க. அதனால நான் ஒவ்வொரு கூடையையும் எடை போடாம விடமாட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்முடைய ஷெட்டில் ஒரு கூடை கரியை மிச்சம் பிடித்தால் அது கடலோரத்துக்காரன் வரைக்கும் போகும் என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள், "சரி, நாளைக்கு நல்லா நடக்கணும், அதைப் பாருங்க" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பவுண்டரியில் யாருக்காவது நல்லது நடந்தால் மிட்டாய் மட்டும் கொடுத்தால் போதாது. கல்யாணமோ, பிள்ளை பிறந்ததோ, வீட்டுக்கு ஓடு மாற்றியதோ, எதுவானாலும் அந்த ஆள் மேல்தட்டுக்கு ஏறி வந்து தன் கையால் மெத்தையில் ஒரு கூடை கரி போடுவார். கீழே எல்லாரும் கைதட்டுவோம். அதற்குப் பெயர் 'நல்ல கூடை'. நல்லது நடந்தாலும் போடுவோம், நல்லது நடக்க வேண்டும் என்றாலும் போடுவோம். ஒவ்வொரு நாளும் எத்தனை கூடை போனது என்று நான் ஒரு தகரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைப்பேன். நல்ல கூடைக்கு மட்டும் கோடு போட மாட்டேன். சாமிக்குப் போட்டதை எழுதுவார்களா? முதலாளிக்கும் தெரியும். அவர் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தபோது அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்து போட்டவர்தான்.

சோதனை நாள் காலையில் நான் கிளம்பும்போது உங்கள் அம்மா வாசல்வரை வந்தாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

"என்னங்க, இன்னைக்கு என் பேர்ல ஒரு நல்ல கூடை போட்ருங்க."

"நீ சொல்லணுமாக்கும்? போட்டுர்றேன்" என்றேன்.

எதற்காகச் சோதனை என்று என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் அந்த ஷெட்டில் இல்லை. கரி குறைய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். அப்படியிருந்தும், சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல கூடையில் இருப்பதும் கரிதான் என்று அன்று காலையில் என் மூளைக்கு எட்டவே இல்லை.

மேடம் சொன்னபடியே செய்தார். ஷெட் வாசலில் எடை மேடை போட்டு ஒவ்வொரு கூடையாக நிறுத்து, எழுதி, மேலே அனுப்பினார். மெத்தை பற்றவைத்தோம். அவர் மேல்தட்டுக்கு ஏறி, உலை வாசல் வழியாக ஒரு இரும்புச் சங்கிலியை உள்ளே தொங்கவிட்டு மெத்தையின் உயரத்தை அளந்தார். "கரெக்டா இருக்குங்க. இதுக்கு மேல ஒரு துண்டும் வேண்டாம். இது பத்திச் சிவக்கட்டும், அப்பறம் காத்து ஊதலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனார்.

மெத்தை பற்றி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மேல்தட்டில் யாருக்கும் வேலை கிடையாது. மூலையில் போன வாரத்துக் கரி கொஞ்சம் மிச்சம் கிடந்தது, மேலே ஒரு சாக்கு போட்டு மூடியிருந்தது. என் ஆட்களை டீக்கு அனுப்பினேன். சுற்றிலும் பார்த்தேன். சாக்கைத் தூக்கி ஒரு கூடை அள்ளினேன். உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு, சின்னவளே, உன்னையும் நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி உலைக்குள் கவிழ்த்தேன். மனது நிறைந்துவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு நானும் டீக்குப் போனேன்.

காற்று ஊதத் தொடங்கினோம். இரும்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டோம். கீழே காற்றுத் துளைக்கு எதிரே ஒரு சின்ன நீலக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால், உருகிய இரும்பு வெள்ளைச் சொட்டாக விழுவது தெரியும். ஊதத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முதல் சொட்டு தெரிய வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு நிமிஷம் ஆனது. சொட்டு இல்லை.

"அண்ணே, எதும் தெரியுதா?" மேலிருந்து கத்தினேன்.

"உன் மூஞ்சிதான் தெரியுது மாப்ள! இரும்பைக் காணோம்!"

இருபது நிமிஷம். முதலாளியின் முணுமுணுப்பு தொடங்கியது. அரை மணி நேரம் தாண்டித்தான் முதல் சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் இரும்பு சோம்பேறித்தனமாக இறங்கியது. வார்ப்பு அச்சுகளுக்கு முன்னால், உருகிய இரும்பைப் பிடித்து ஊற்றுகிற லேடில் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்குக் கை கடுத்தது. மத்தியானத்துக்குள் முடிய வேண்டிய வேலை சாயங்காலம் நான்கு மணிக்கு முடிந்தது.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார். எழுந்து போய்க் காற்று மோட்டாரைப் பார்த்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அது ஏமாற்றம்தான் என்று முகத்தில் தெரிந்தது.

"எடை போட்ட கரி நல்லாவே குறைஞ்சிருக்குங்க. ஆனா இரும்பு நேரத்துக்கு இறங்கல. ஏன்னு எனக்குப் புரியல. உலை கட்டினதுல ஏதோ கோளாறுன்னுதான் எழுதணும். எழுதினா பணம் வராது, மன்னிச்சுக்குங்க."

முதலாளி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முணுமுணுப்புக்கூட நின்றுவிட்டது.

நான் உலையை நிமிர்ந்து பார்த்தேன். மெத்தை அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் இரும்பு தாமதமாகத்தான் உருகும். எட்டு வருஷ அனுபவம், இது எனக்குத் தெரியாதா? ஆனால் நான் போட்டது ஒரே ஒரு கூடை. ஒரு கூடைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகலாம், அரை மணி நேரம் எப்படி ஆகும்? ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். மூலைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினேன்.

தரைதான் இருந்தது. ஒரு பிடி கரித்தூள்கூட இல்லை. காலையில் என் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த குவியல், யாரோ பெருக்கித் துடைத்த மாதிரி போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, பயமும் வந்தது. பயம் ஏன் என்றால், இதைச் சொன்னால் என்னவாகும்? எடை போடாத கரியைத் திருட்டுத்தனமாக உள்ளே தள்ளிவிட்டு, கரி குறைந்ததாகக் காட்டப் பார்த்தார்கள் என்றுதானே அர்த்தமாகும்? முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்தால்? சொல்லாவிட்டால் நல்ல உலைக்குக் கெட்ட பெயர். அந்த ஏணியில் இறங்கிய நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

"மேடம், உலை மேல தப்பில்ல. நீங்க அளந்துட்டுப் போன பொறகு நான் ஒரு கூடை போட்டேன்."

அவர் பேனா நின்றது. "என்னங்க சொல்றீங்க? எடை போடாத கரியா?"

"ஆமா மேடம். பழைய கரி. வீட்ல சொல்லிவிட்டா... நல்ல கூடை."

நல்ல கூடை என்றால் என்ன என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் முகம் இறுகியது. "இதுக்கு எங்க ஆபீஸ்ல என்ன பேர் தெரியுங்களா? மோசடி. அதுவும் ஒரு கூடைக்கு இம்புட்டுத் தாமதமாகாது." கோபத்தில் எங்கள் ஊர்ப் பேச்சே அவருக்கு வந்துவிட்டது.

அப்போது அவனியாபுரத்து அண்ணன் தொண்டையைக் கனைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "மேடம்... நானும் ஒண்ணு போட்டேன்."

"நீங்க கீழ வேலை செய்யறவருதானே?"

"ஏறிப் போனேன் மேடம். இவன் டீ குடிக்க வந்தானா, சரி, ஆளில்லன்னு போனேன்."

லேடில் தூக்குகிறவர்களில் ஒருவர் கையைத் தூக்கினார். "நான் ஒண்ணு." அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "நானும்தான். நீயுமா போட்ட? சொல்லவே இல்ல?" என்று அவரைப் பார்த்தார். மணல் சலிப்பவர், வாட்ச்மேன், ஒருவர் பின் ஒருவராகக் கை எழும்பியது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் போட்டதாக நினைத்திருக்கிறார். மேடம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எட்டு ஆனது.

மணலில் அச்சு செய்கிற மோல்டர் ஒருவர் கையைத் தூக்கவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். "நீங்களுங்களா?"

"நான் போடல மேடம். போடத்தான் போனேன். சாக்கைத் தூக்குனா கரி தீந்துபோச்சு."

யாரோ பின்னால் குபுக்கென்று சிரித்து அடக்கினார்கள். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி எழுந்து நின்றார். ஏதோ சாமி முன்னால் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்.

"மேடம், ஒம்போதா எழுதிக்குங்க. நானும் ஒண்ணு போட்டேன்."

மேடத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஹெல்மெட் கழன்று விழுந்து உருண்டது. "உங்க பணம்ங்க! உங்க உலைங்க! கரி குறையணும்னு வேண்டிக்கிட்டு கரியே போட்டீங்களா?"

"வேற எதைப் போட்டு வேண்டுறது மேடம்? பழக்கம்" என்றார் முதலாளி.

மேடம் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். எடை போடாத கரி கலந்ததால் முதல் சோதனை செல்லாது. இதைத் தொழிலாளர்களும் உரிமையாளரும் தாங்களாகவே முன்வந்து சொன்னார்கள். விதிப்படி இன்னும் ஒரு தடவை சோதனை செய்யலாம். "ஒரே ஒரு தடவைதாங்க. அதுக்கு மேல ஆண்டவனே வந்து கேட்டாலும் முடியாது."

அன்று வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஆத்தீ, என் ஒரு கூடையாலயா?" பிறகு ஒன்பது என்று கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். சின்னவளே, நீ உள்ளே இருந்து எட்டி உதைத்ததாகச் சொன்னாள்.

அடுத்த சோதனைக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். "டேய், நீ கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பியா?" "நீ இருப்பியாண்ணே?" மேல்தட்டை நானே பெருக்கிக் கழுவிவிட்டேன்.

சோதனை நாளில் மேடம் எடை போட்டார், மெத்தை போட்டோம், சங்கிலி விட்டு அளந்தார். பிறகு எங்கள் எல்லாரையும் கூடையோடு கீழே வரச் சொன்னார். வேப்ப மரத்தடியில் பதினான்கு கூடையையும் வரிசையாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

"உக்காருங்க."

"எதுல மேடம்?"

"கூடை மேல. காத்து ஊதறவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக்கூடாது."

பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம். முதலாளி ஓரமாக நின்றார். மேடம் அவரையும் பார்த்தார். போன தடவை அவரும் ஒன்று போட்டவர்தானே, அவருக்கும் ஒரு கூடை கவிழ்த்துப் போட்டோம். வெள்ளை வேட்டியோடு அவரும் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து, "என்ன, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார். அவனியாபுரத்து அண்ணன், "பேசாம டீயக் குடுத்துட்டுப் போ. நாங்க உலகத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு கஷ்டம் தெரியுமா! கை குறுகுறுத்தது. மனதுக்குள் என்னென்னவோ தோன்றியது. நல்லது நடக்க வேண்டும் என்றால் ஏதாவது செய்ய வேண்டாமா? ஒன்றும் செய்யாமல் கூடை மேல் உட்கார்ந்திருப்பதையே வேண்டுதலாக வைத்துக்கொள்வது எப்படி? நான் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் அம்மாவிடம் மனதுக்குள் சொன்னேன்: இன்றைக்கு உன் பேரில் போடாத கூடை ஒன்று.

"காத்து!" என்றார் மேடம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். முதலாளியின் வேட்டியில் பின்னால் வட்டமாகக் கரி அப்பியிருந்தது, யாரும் சொல்லவில்லை. மோட்டார் உறுமியது. நான் மேலே ஏறி அடுக்குப் போட்டேன். புது உலை அன்று வேறு மாதிரி மூச்சுவிட்டது, ஆழமாக, சீராக. என் காலடியில் தட்டு அதிர்ந்தது.

ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். நான் மேல்தட்டின் ஓரத்தில் இருந்து கீழே எட்டிப் பார்த்தேன். அவனியாபுரத்து அண்ணன் நீலக் கண்ணாடியில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தார்.

"மாப்ளே!"

"என்னண்ணே?"

"மழை மாப்ளே, மழை! சடசடன்னு விழுகுது!"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கம்பியை எடுத்துத் துளையைக் குத்தினார். இரும்பு வந்தது. சிவப்பாகவோ மஞ்சளாகவோ இல்லை, வெள்ளை வெளேரென்று, கண்கூசும் வெள்ளையாக, தண்ணீரைவிட லேசாக ஓடி வந்தது. லேடில்காரர்கள் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிப்போய் அச்சில் ஊற்றினார்கள். பம்பின் மெல்லிய விளிம்புவரை நிரம்பியது. ஒரு லேடில் காலியாவதற்குள் அடுத்தது தயார். மேலே நாங்களும் ஓடினோம், கீழே அவர்களும் ஓடினார்கள். எட்டு வருஷத்தில் அப்படி ஒரு நாள் வேலை நான் பார்த்ததில்லை. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் கடைசி அச்சும் நிரம்பிவிட்டது. எடை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்து வைத்த கரிக்கூடைகளில் இரண்டு தொடாமல் அப்படியே இருந்தன. சொன்னதைவிடவும் குறைவாகத் தின்றிருந்தது உலை!

மேடம் கூடை ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முதலாளி தன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். இந்தத் தடவை அர்த்தம் எங்களுக்குத் தெரிந்தது. கிளம்பும்போது மேடம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, அந்தப் பழக்கத்த விட்டுருவீங்களா?"

"விட மனசில்ல மேடம்."

அவர் யோசித்தார். தொடாமல் கிடந்த கூடையிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டு கரியை எடுத்து என் கையில் வைத்தார். "இம்புட்டுப் போதுங்களா?"

பணம் அனுமதியாகிவிட்டது என்ற கடிதம் ஆடி மாதத்தில் வந்தது. முதலாளி அதை எங்களுக்கு இரண்டு தடவை வாசித்தார். ஷெட் கோடவுன் ஆகவில்லை. உங்கள் இருவரையும் நான் அந்த உலையின் சூட்டில்தான் வளர்த்தேன்.

அதே வாரம், ஒரு காலைப் பொழுதில், சின்னவளே, நீ பிறந்தாய். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பஸ் பிடித்துப் பவுண்டரிக்குப் போனேன். மெத்தை பற்றிக்கொண்டிருந்தது. மேல்தட்டுக்கு ஏறி, சட்டைப் பையில் துணியில் முடிந்து வைத்திருந்த அந்தக் கரித்துண்டை எடுத்து உள்ளே போட்டேன். கீழே எல்லாரும் கைதட்டினார்கள்.

"மாப்ள, பொண்ணா பையனா?"

"பொண்ணுண்ணே!"

"எம்புட்டுப் போட்ட?"

"ஒரே ஒரு துண்டுண்ணே!"

அவர் சும்மா விடுவாரா? ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "எடை போட்டியா?"